கூட வந்தவர்களிடம் சொன்னவை

போன மாதம் ஜெயந்தி போன் செய்தாள். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இப்போது அவள்தான் நர்சிங் சூப்பரின்டெண்ட். என்னிடம் ஊசி போடப் பழகியவள். முதல் வாரத்தில் நோயாளிகளை விட அவள்தான் அதிகம் அழுதாள்.

"அக்கா, புதுசா ஒரு மிஷின் வந்திருக்கு. நாம தமிழ்ல பேசினா அது இந்தி, ஒடியா, பெங்காலின்னு எல்லாத்துலயும் பேசுது. புதன்கிழமை ஓபி-ல அதத்தான் வைக்கப் போறாங்க. புதுப் பொண்ணுங்க பதினாலு பேர் சேர்ந்திருக்காங்க. வந்து பத்து நிமிஷம் பேசுங்களேன்" என்றாள்.

போனேன். சோப்பு டப்பா அளவில் ஒரு கருவி. "சாப்டியாம்மா?" என்று நான் கேட்டதும் அது ஏதோ ஒரு மொழியில், என்னை விட மரியாதையாகக் கேட்டது. பெண்கள் கை தட்டினார்கள். பத்து நிமிஷம் பேசச் சொன்னால் நாற்பது நிமிஷம் பேசுகிறவள் நான். கை கழுவுவது, பெயரைக் கேட்டுச் சரிபார்ப்பது, டாக்டர் கோபித்துக்கொண்டால் பாத்ரூமில் போய் அழக் கூடாது என்பது வரை எல்லாம் பேசிவிட்டு, பிஸ்கட்டும் டீயும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லவில்லை. வாய் வரவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் பென்னலூர்க்காரி. காஞ்சிபுரத்தில் மூன்று வருஷம் நர்சிங் படித்தேன். பெட்ஷீட்டின் மூலையை மடிக்கக் கற்றதும் சீனியர்களிடம் திட்டு வாங்கியதும் தவிர அந்த மூன்று வருஷத்தில் பெரிதாக ஒன்றும் நினைவில் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாம்புக் கடியும் பிரசவமுமாக வந்துகொண்டிருந்தது. பிறகு கம்பெனிகள் வந்தன. மிஷினில் விரல் மாட்டிக்கொண்டவர்கள் வந்தார்கள். அதற்கும் பிறகு ஒரகடம் பக்கத்து ஹாஸ்டல்களிலிருந்து, கழுத்தில் அடையாள அட்டையோடு, தூர தேசத்துப் பெண்கள் வந்தார்கள். மொத்தம் இருபத்தொன்பது வருஷம். அதில் கடைசி பன்னிரண்டு வருஷம் புதன்கிழமை தோறும் மார்பகக் கட்டி ஓபி எனக்கு. ரிட்டையர் ஆகி மூன்று வருஷம் ஆகிறது. இன்னமும் புதன்கிழமை காலையில் எனக்கு வீட்டில் கால் தரிக்காது. டீயை ஆற விட்டுவிட்டு, யாரோ காத்திருக்கிறார்கள் என்று வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருப்பேன்.

எங்கள் சர்ஜன் டாக்டர் பத்மநாபன். குளிர்ந்த கையோடு எந்தப் பெண்ணையும் தொடக் கூடாது என்பது அவர் சட்டம். அதற்காகவே ஒரு பிளாஸ்க்கில் வெந்நீர் வைத்திருப்பேன். அதில் கையை நனைத்து, துடைத்து, "தொடப் போறேம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் திரைக்குப் பின்னால் வருவார். முதலில் நோயில்லாத பக்கம், பிறகு கட்டி உள்ள பக்கம், கடைசியில் அக்குள். முடித்ததும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். அந்தப் பெண் புடவையைச் சரிசெய்து, நான் "ஆச்சு சார்" என்று சொல்லும் வரை திரும்ப மாட்டார். எத்தனையோ டாக்டர்களிடம் வேலை பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை, இன்றைக்கும் சொல்வேன்.

பரிசோதனை முடிந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "கூட யார் வந்திருக்காங்க?" என்பதுதான். கூட வந்தவரை உள்ளே அழைப்பேன். "நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்கம்மா" என்று நோயாளியை வெளியே அனுப்புவேன். உள்ளே நோயின் பெயர் சொல்லப்படும். வெளியே உள்ளவளுக்குப் போய்ச் சேர்வது "கட்டி" என்ற ஒரு வார்த்தை.

எல்லோரும் வெளியே அனுப்பப்பட்டார்கள் என்று சொன்னால் பொய். நாற்பது வயதுக்கு முன்பின்னாக, இரண்டு வார்த்தை இங்கிலீஷ் கலந்து கேள்வி கேட்கிற டீச்சர், பேங்க் வேலைக்காரி வந்தால் டாக்டர் மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு, பென்சிலால் படம் வரைவார். இது மார்பு, இது கட்டி, இது அக்குளில் உள்ள நெறி. கட்டியை மட்டும் எடுத்துவிட்டு ரேடியேஷன் கொடுக்கலாம், அல்லது முழுவதும் எடுக்கலாம், உங்களுக்கு எது சம்மதம் என்று கேட்பார். இருபது நிமிஷம் ஆகும். அந்தப் பென்சிலைச் சீவி வைப்பது என் வேலை. யாருக்குப் படம், யாருக்குக் கட்டி என்பதை அவர் கேட்பதற்கு முன்பே நான் முகத்தைப் பார்த்து முடிவு செய்து, பென்சிலை எடுத்து வைப்பேன், இல்லையென்றால் வைக்க மாட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

கொரோனாவுக்கு இரண்டு வருஷம் முன்பு வடக்குப்பட்டிலிருந்து ராஜம்மாள் வந்தாள். அறுபத்தொன்பது வயது. மகன் தனசேகர் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர். அவனிடம் டாக்டர் மூன்று நிமிஷம் பேசினார். வயதாகிவிட்டது, முழுவதும் எடுத்துவிட்டால் ரேடியேஷனுக்கு அலைய வேண்டாம், அதுதான் சுலபம் என்றார். தனசேகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"சிஸ்டர், எங்கம்மாகிட்ட மட்டும் பேரச் சொல்லிடாதீங்க. தாங்காது. கட்டின்னே இருக்கட்டும்."

சரி என்றேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் சம்மதப் படிவத்தோடு ராஜம்மாளிடம் போனேன். பழக்க தோஷம், மை டப்பாவைத் திறந்து கட்டை விரலுக்குக் கை நீட்டினேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"நான் கைநாட்டுன்னு உனக்கு யாரு சொன்னது? அஞ்சாவது படிச்சிகீறேன். பேனாவக் குடு."

கொடுத்தேன்.

"எதுக்குப் போடுறேன்னு சொல்லு."

"ஆபரேஷனுக்கும்மா. கட்டிய எடுக்க."

"கட்டிய மட்டுமா?"

"டாக்டர் பாத்து எடுப்பாரும்மா" என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டு கட்டில் உள்ள அறையில் ஜன்னலோரம் அவளைப் படுக்க வைத்தோம்.

இனி, அதே நாட்களில் வந்த மினதி. ஒடிசாக்காரி, இருபத்தேழு வயது. ஒரகடத்தில் வண்டிகளுக்கு ஒயர் கோக்கும் கம்பெனியில் வேலை, கம்பெனி ஹாஸ்டலில் வாசம். கட்டியை அவளே கண்டுபிடித்து எங்கேயோ ஒரு கிளினிக்கில் காட்டியிருக்கிறாள். இந்த வயதில் இதெல்லாம் வராது என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஐந்து மாதம் அப்படியே போயிற்று. எங்களிடம் வந்தபோது கூட ஹாஸ்டல் வார்டன் விமலா மேடம் வந்தாள். கெட்டவள் இல்லை. அறுபது பெண்களை வைத்து மேய்ப்பதில் களைத்துப் போனவள். இந்தி தெரிந்தவள் என்பதால் எங்களுக்கு அவள்தான் மினதி. ஊசி போட்டுச் சதை எடுத்தது, ஸ்கேன் எடுத்தது எல்லாம் அவளிடம் சொல்லித்தான். மூன்று தடவை மினதி வந்திருக்கிறாள். மூன்று தடவையும் அவளை வெளியே உட்காரச் சொல்லிக் கையைக் காட்டியவள் நான்.

ரிசல்ட் வந்த அன்று டாக்டர் வார்டனிடம் கால் மணி நேரம் பேசினார். "அக்குளுக்கும் போயிருக்கு" என்று அவர் சொன்னது வரை நான் உள்ளே இருந்தேன். அடுத்த நோயாளியை அழைக்கப் போய்விட்டேன். அதற்குப் பிறகு சொன்னதைக் கேட்கவில்லை. முதலில் மருந்து, பிறகு ஆபரேஷன், ஆறேழு மாதம் ஆகும், குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஆனால் கூட ஒரு ஆள் வேண்டும் என்றிருக்கிறார். ஹாஸ்டலில் அது நடக்காது என்று வார்டன் சொல்ல, ஊருக்கே அனுப்பி அங்கே வைத்தியம் பார்க்கலாம் என்று பேசி, இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதி, ஒட்டிக் கொடுத்துவிட்டார். வார்டன் வெளியே வந்து மினதியிடம் இந்தியில் இரண்டே வாக்கியம் சொன்னாள். கட்டி இருக்கிறது. ஊருக்குப் போய்க் காட்டிக்கொள். கால் மணி நேரம் இரண்டு வாக்கியமாகச் சுருங்கியதை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

ஊசி குத்திய இடம் கொஞ்சம் பழுத்திருந்ததால் டிரெஸ்ஸிங் அறைக்கு அவளை அழைத்துப் போனேன். ஜெயந்தி பஞ்சை எடுத்துக் கொடுத்தபடி கேட்டாள்:

"என்னக்கா, இவ்ளோ சின்னப் பொண்ணுக்கு?"

"கேன்சர் அக்குளுக்கும் போயிடுச்சாம்டி. ஊருக்கு அனுப்பப் போறாங்க. அங்க யாரு பாக்கப் போறா? ஒரு வருஷம் தாண்டினா பெருசு."

பிளாஸ்டரை ஒட்டிக்கொண்டே இதைச் சொன்னேன். டாக்டர் சொல்லாததை, எனக்குத் தெரியாததை, அடுத்த வீட்டு வம்பு பேசுவது போலச் சொன்னேன். மினதி மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் "தேங்க்யூ சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பாவம், ஒன்றும் தெரியாத பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினோரு நாள் கழித்துக் காய்ச்சலோடு வந்தாள். அந்த இடம் சீழ் வைத்திருந்தது. கீறிச் சுத்தம் செய்து, ராஜம்மாளின் அறையில் அடுத்த கட்டிலில் சேர்த்தோம். மூன்று நாளில் காய்ச்சல் விட்டது. சனிக்கிழமை ஒடிசாவுக்கு ரயில். டிக்கெட் எடுத்தாயிற்று என்று வார்டன் சொன்னாள். மறுப்பே சொல்லாமல் சரி என்றுவிட்டாளாம். நல்ல பெண், சொன்னதைக் கேட்கிறாள் என்று எல்லோரும் மெச்சினோம்.

வியாழக்கிழமை மதியம், சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்த பிறகு, ராஜம்மாள் என்னைக் கூப்பிட்டாள்.

"இங்க வா. கதவச் சாத்து."

சாத்தினேன்.

"இந்தப் பொண்ணு ஒரு வருசந்தான் இருக்கும்னு நீ சொன்னியாமே? நெசமா?"

திருப்பிக் கேட்டேன்: "யார் சொன்னது?"

"அதேதான் சொல்லுச்சு. மூணு நாளா எங்கூடப் பேசிகினுதானே கீது. இன்னா, அதுக்கு வாயி இல்லன்னு நெனச்சிகினு இருந்தியா?"

மினதி எழுந்து உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"எனக்குத் தமிழ் தெரியும் சிஸ்டர். நாலு வருஷம் கம்பெனி லைன்ல இருக்கேன். எனக்கு இந்தப் பக்கம் தமிழ் அக்கா, அந்தப் பக்கம் தமிழ் அக்கா. நீங்க யாரும் கேக்கல."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ஷிப்ட் நேரத்தைச் சொல்வது போலச் சொன்னாள்.

"ஒரு வருஷம்தான்னா இங்க இன்னா இருக்கு? அம்மாகிட்ட போயிடலாம். மருந்து எதுக்கு? தம்பி காலேஜ் படிக்கறான், அத நிறுத்த வேணாம்னு நெனச்சேன். அதான் டிக்கெட்டுக்குச் சரின்னேன்."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் என்னுடையது, கெட இருந்தது அவள். ஊருக்குப் போனால் அந்தக் கடிதத்தைப் பிரிக்கக் கூட அவள் நினைத்திருக்கவில்லை. குணமாகக்கூடிய நோயோடு, நான் சொன்ன கெடுவை நம்பி ரயிலேறப் போகிறாள்.

"எங்கிட்டயும் கட்டின்னுதான் சொன்னீங்க" என்றாள் ராஜம்மாள். "மாரையே எடுத்துட்டு கட்டின்னு சொன்னா நம்புறதுக்கு நான் இன்னா கைக்கொழந்தையா? தெரிஞ்சிபோச்சின்னா எம்புள்ள அழுவும். அதான் தெரியாத மாரி படுத்துகினு கீறேன்."

நான் மினதியின் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். பணியில் இருக்கும்போது நோயாளியின் கட்டிலில் உட்காரக் கூடாது என்று எத்தனை பெண்களைத் திட்டியிருக்கிறேன். "நான் சொன்னது தப்பு. பாதிதான் கேட்டேன். பாதியில உளறிட்டேன்" என்றேன்.

"அப்ப முழுசா யாருக்குத் தெரியும்?" என்று கேட்டாள் மினதி.

டாக்டர் தன் அறையில் தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், நான் சொன்ன வார்த்தை உட்பட. வேலை போனாலும் போகட்டும் என்றிருந்தது. அவர் டிபன் பாக்ஸை மூடினார்.

"தமிழ் பேசுதா?"

"பேசுது சார்."

"மூணு தடவ வந்துது. அந்தப் பொண்ணோட குரலையே நான் கேட்டதில்ல" என்றார். என்னைத் திட்டவில்லை. கை கழுவிவிட்டு என்னோடு வந்தார். வழியில், மினதியைப் பார்க்க வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்த வார்டன் எழுந்து கூடவே வந்தாள். அறை வாசலில் டாக்டர் நின்று, முதல் முறையாக மினதியைப் பார்த்துக் கேட்டார்:

"மேடம் கூட இருக்கணுமா, வேணாமா? நீயே சொல்லு."

"வேணாம் சார். அப்புறம் நான் சொல்றேன்" என்றாள். விமலா மேடம் வெளியே உட்கார்ந்தாள். ஓபியில் நான் நோயாளிகளை உட்கார வைக்கிற அதே மாதிரி நாற்காலி.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து டாக்டர் படம் வரைந்தார். பெயரைச் சொன்னார். மருந்து, எத்தனை தடவை, பிறகு ஆபரேஷன், அதில் கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷனுக்கு வருவது அல்லது முழுவதும் எடுப்பது என்ற இரண்டு வழி, எல்லாவற்றையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"குணமாவுமா சார்?"

"நல்ல வாய்ப்பு இருக்கு. கண்டிப்பான்னு சொல்ல மாட்டேன். ஒரு வருஷம்னு கணக்கு எதுவும் கிடையாது."

"முடி போயிடுமா?"

"போயிட்டுத் திரும்ப வரும்."

"கொழந்த பொறக்குமா?"

டாக்டரின் பென்சில் நின்றது. "அதுக்கு மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வேற ஒரு டாக்டரப் பாக்கணும். நல்ல வேள கேட்டம்மா. இத நான் மேடம்கிட்ட சொல்லவே இல்ல" என்றார்.

மினதி அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொண்டாள். அப்போது ஜன்னல் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"சார், எனக்கு ஏன் படம் போடல?"

டாக்டர் திரும்பினார். ராஜம்மாள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். மார்பிலிருந்து டியூப் தொங்கிக்கொண்டிருந்தது.

"அந்தப் பொண்ணுகிட்ட ரெண்டு வழி கீதுன்னு சொன்னியே. எனக்கும் ரெண்டு வழி இருந்துச்சா?"

"இருந்துதும்மா" என்றார் டாக்டர். மெதுவாகத்தான் சொன்னார்.

"என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே சார். கேட்டிருந்தா எடுத்துடுன்னுதான் சொல்லியிருப்பேன், அலைய முடியாது. ஆனா எம்மாரு. நாலு புள்ளைக்குக் குடுத்தது. என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

டாக்டர் இன்னொரு தாளை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், கண்ணைத் துடைக்கத்தான். அன்று மாலை தனசேகர் வந்தபோது அவளே அவனிடம் பெயரைச் சொன்னாள். அவன் அழுதான். அவள் அவன் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

பாஷை தெரியாததால்தான் வெளியூர்ப் பெண்களிடம் சொல்லவில்லை என்பது அதுவரை எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்ட சமாதானம். ராஜம்மாளுக்கு என்ன பாஷை குறைச்சல்? என் ஊருக்குப் பக்கத்து ஊர், என் பேச்சு. ஒருத்திக்கு வயசாகிவிட்டது, இன்னொருத்தி எங்கிருந்தோ வந்தவள். இரண்டு பேருக்கும் கேட்க ஒன்றும் இருக்காது என்று நாங்களாக முடிவு செய்துவிட்டோம். மிஷின் நல்ல மிஷின்தான். ஆனால் அதை யார் முன்னால் வைப்பது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், பெண்களே. வார்டன் முன்னால் வைத்தால் அது தனக்குத் தெரிந்த எல்லா மொழியிலும் வார்டனிடம்தான் பேசும்.

அதற்கப்புறம் எங்கள் ஓபியில் முதல் கேள்வி, "கூட வந்தவங்க இருக்கணுமா, வேணாமா?" என்று நோயாளியிடமே கேட்பதாக மாறியது. எல்லா நாளும் மாறியது என்று சொல்ல மாட்டேன். கூட்டம் அதிகமான நாளில் பழையபடி கை தானாக வாசலைக் காட்டும், பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வேன்.

ராஜம்மாள் அதற்கப்புறம் நான்கு வருஷம் இருந்தாள். கடைசியில் போனது இந்த நோயால் இல்லை. மினதி டிக்கெட்டை ரத்து செய்தாள். அவள் அம்மா ஒடிசாவிலிருந்து வந்து, ஒரகடத்தில் ஒற்றை அறை எடுத்து, மகளோடு இருந்தாள். மருந்து, ஆபரேஷன், ரேடியேஷன் எல்லாம் முடிந்து, முடி சுருட்டையாக வளர்ந்தபோது மினதி மறுபடி லைனுக்குப் போனாள். இரண்டு வருஷம் தவறாமல் செக்கப்புக்கு வந்தாள். கூட யாரும் வர மாட்டார்கள். நேராக உள்ளே வந்து டாக்டரின் எதிரில் உட்கார்ந்துகொள்வாள். பிறகு ஊரோடு போய்விட்டாள். கொடுத்துவிட்டுப் போன நம்பர் கொஞ்ச நாள் அடித்தது. இப்போது அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்கிறார்கள். அப்படியும் மாதம் ஒரு தடவை அடித்துப் பார்க்கிறேன்.

எடுத்தால் நலம் விசாரிப்பதற்கு முன்பே ஒன்று கேட்க வேண்டும். டிரெஸ்ஸிங் அறையில் நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் போன அந்தப் பதினோரு நாளும் நீ எப்படி இருந்தாய்? லீவு போடவில்லை என்று வார்டன் சொன்னாள். கம்பெனி பஸ்ஸில் ஏறி, என் வார்த்தையை உள்ளே வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் சிரித்துப் பேசுகிற அக்காக்களுக்கு நடுவில் நின்று ஒயர் கோத்தாயா? யாரிடமாவது சொன்னாயா? சோறு இறங்கியதா? இரண்டு வருஷம் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். எடை பார்த்தேன், பி.பி. பார்த்தேன், முடி நன்றாக வளர்ந்திருக்கிறதே என்று தடவியும் பார்த்தேன். இதை மட்டும் நான் கேட்கவே இல்லை.